திவால்நிலைக்குப் பின் வெகுமதிக் கடன் அட்டையைத் தெரிவு செய்தல் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்றத்தின் வழியாகத் திவால்நிலை அறிவித்துப் பழைய கடன்களிலிருந்து விடுபட்ட ஒருவர், தமது கடன் தகுதியை மீட்டெடுக்கப் புதிய கடன் அட்டை ஒன்றைப் பெறுவது வழக்கம். செலவிடும் தொகையில் ஒரு பங்கைப் பணமாகவோ புள்ளிகளாகவோ திருப்பித் தரும் அட்டைகள் வெகுமதி அட்டைகள் எனப்படுகின்றன. முன்பு நல்ல கடன் மதிப்பெண் உள்ளவர்களுக்கே கிடைத்த இவ்வகை அட்டைகளில் சில, இப்போது திவால்நிலையிலிருந்து மீள்பவர்களுக்கும் வழங்கப்படுகின்றன. இவர்களைப் பொறுத்தவரை அட்டையின் முதன்மைப் பயன் வெகுமதி அன்று. ஒவ்வொரு மாதமும் தவணை தவறாமல் பணம் செலுத்தப்படுகிறது என்ற பதிவே ஆகும். அந்தப் பதிவுக்குக் கேடு செய்யாத, கட்டணமும் வட்டியும் வெகுமதியை விழுங்கிவிடாத அட்டையைக் கண்டறிவதே தெரிவின் சாரம்.

பின்னணி

அமெரிக்காவில் இப்போது நடைமுறையில் உள்ள திவால்நிலைச் சட்டத் தொகுப்பு 1978இல் இயற்றப்பட்டது. தனிநபர்கள் பெரும்பாலும் அதன் 7ஆம் அத்தியாயத்தின் கீழோ 13ஆம் அத்தியாயத்தின் கீழோ மனு செய்கின்றனர். 7ஆம் அத்தியாயத்தில், சட்டம் விலக்களிக்காத சொத்துகள் விற்கப்பட்டுக் கடன் கொடுத்தோருக்குப் பகிரப்படும். எஞ்சிய கடன்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாகும். மனு செய்ததிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் கடன் விடுவிப்பு ஆணை கிடைத்துவிடும். 13ஆம் அத்தியாயத்தில், வருமானம் உள்ள கடனாளி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டப்படி தவணை செலுத்துவார். திட்டம் முடிந்த பிறகே விடுவிப்பு கிடைக்கும். குழந்தைப் பராமரிப்புத் தொகை, மணமுறிவுத் துணைக்கான பராமரிப்புத் தொகை, சில வரிகள், மாணவர் கடன்களில் பெரும்பாலானவை ஆகியன எந்த அத்தியாயத்திலும் எளிதில் தள்ளுபடியாவதில்லை.

2005இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் 7ஆம் அத்தியாயத்தைப் பயன்படுத்த வருமானச் சோதனையைக் கட்டாயமாக்கியது. மனு செய்யும் முன் கடன் ஆலோசனையும், விடுவிப்புக்கு முன் பணமேலாண்மை வகுப்பும் பெற வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததே. பெரும் பொருளாதாரச் சரிவுக்குப் பிந்தைய 2010இல் மட்டும் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட திவால்நிலை மனுக்கள் பதிவாயின.

விடுவிப்பு ஆணை பழைய கடனை நீக்குகிறது. கடன் வரலாற்றை நீக்குவதில்லை. 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி, திவால்நிலைப் பதிவு 10 ஆண்டுகள் வரை கடன் அறிக்கையில் இடம்பெறலாம். 13ஆம் அத்தியாயப் பதிவுகளைக் கடன் தகவல் நிறுவனங்கள் தம் வழக்கப்படி 7 ஆண்டுகளில் நீக்கிவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் வீட்டுக் கடன், வாகனக் கடன், வாடகை வீடு, சில மாநிலங்களில் வாகனக் காப்புறுதிக் கட்டணம் ஆகியவை கடன் அறிக்கையைச் சார்ந்திருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகத்தின் காப்புறுதி பெற்ற வீட்டுக் கடனுக்கு, 7ஆம் அத்தியாய விடுவிப்புக்குப் பின் பொதுவாக இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் கடனாளி சேர்த்து வைத்துள்ள நல்ல பதிவுகளையும் கடன் வழங்குநர் பார்ப்பார். எனவே முதலில் எடுக்கும் சிறிய அட்டை, பின்னால் வீடு வாங்க முடியுமா என்பதோடும் தொடர்புடையது.

கடன் மதிப்பெண் கணக்கிடப்படும் முறை

ஈக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் நாடு தழுவிய அளவில் கடன் அறிக்கைகளைப் பராமரிக்கின்றன. இவற்றின் தரவுகளைக் கொண்டு கணக்கிடப்படும் ஃபைக்கோ மதிப்பெண் 1989இல் அறிமுகமானது. இது 300 முதல் 850 வரை அமையும். அதன் கூறுகளும் அவற்றின் ஏறத்தாழவான பங்கும் வருமாறு:

• பணம் செலுத்திய வரலாறு - 35%
• நிலுவையில் உள்ள தொகை - 30%
• கடன் வரலாற்றின் நீளம் - 15%
• புதிய கடன் விண்ணப்பங்கள் - 10%
• கடன் வகைகளின் கலவை - 10%

வெகுமதியாக எவ்வளவு ஈட்டப்பட்டது என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அட்டையில் எவ்வளவு பணம் செலவிடப்பட்டது என்பதற்கும் நேரடியான இடம் இல்லை. மாதம் 20 டாலர் செலவிட்டு உரிய நாளில் அடைப்பவருக்கும், 2,000 டாலர் செலவிட்டு உரிய நாளில் அடைப்பவருக்கும் பணம் செலுத்திய வரலாறு என்ற கூற்றில் ஒரே பயனே கிடைக்கிறது.

இரண்டாவது கூற்றில் கடன் பயன்பாட்டு வீதம் முக்கியமானது. இது நிலுவைத் தொகைக்கும் கடன் வரம்புக்கும் உள்ள விகிதம். திவால்நிலைக்குப் பின் கிடைக்கும் அட்டைகளின் வரம்பு மிகச் சிறியது என்பதால் இவ்வீதம் எளிதில் உயர்ந்துவிடும். 200 டாலர் வரம்பு உள்ள அட்டையில் ஒருமுறை மளிகை வாங்கி 120 டாலர் செலவிட்டாலே பயன்பாடு 60% ஆகிவிடுகிறது. வீதத்தை 30%க்குள் வைக்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது; அதைவிடக் குறைவாக இருப்பது இன்னும் நல்லது. பெரும்பாலான வங்கிகள் மாதக் கணக்கு முடியும் நாளில் உள்ள நிலுவையையே கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. ஆகவே அந்த நாளுக்கு முன்பே ஒரு பகுதியைச் செலுத்திவிட்டால், முழு வரம்பையும் பயன்படுத்தியவருக்குக்கூட அறிக்கையில் குறைந்த நிலுவையே பதிவாகும்.

விண்ணப்பிப்பதற்கு முன்

விடுவிப்பு ஆணை கிடைத்த சில மாதங்களில் மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் பெற்றுப் பார்ப்பது முதல் வேலை. இவற்றை வாரம் ஒருமுறை கட்டணமின்றி இணையத்தில் பெற முடியும். தள்ளுபடியான ஒவ்வொரு கணக்கும் திவால்நிலையில் சேர்க்கப்பட்டது என்ற குறிப்புடன், நிலுவை சுழியம் எனக் காட்டப்பட வேண்டும். பழைய நிலுவை இன்னும் செலுத்தப்படாததாகவே காட்டப்பட்டால், புதிய அட்டையால் கிடைக்கும் நன்மையை அந்தப் பிழை அழித்துவிடும். பிழை குறித்து எழுத்துமூலம் முறையிட்டால், கடன் தகவல் நிறுவனம் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்கக் கடமைப்பட்டது.

13ஆம் அத்தியாயத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, வழக்கின் பொறுப்பாளரிடமோ நீதிமன்றத்திடமோ இசைவு பெறாமல் புதிய கடன் எடுப்பது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. 7ஆம் அத்தியாய வழக்கிலும் விடுவிப்பு ஆணை வரும்வரை காத்திருப்பதே வழக்கம். வழக்கு முடியாத நிலையில் விண்ணப்பங்களைப் பல வங்கிகள் ஏற்பதில்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி செய்யும் முழுமையான கடன் விசாரணை, அறிக்கையில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்கவும் கூடும். முன்தகுதிச் சோதனை எனப்படும் மேலோட்டமான விசாரணை மதிப்பெண்ணைப் பாதிப்பதில்லை. பல வங்கிகள் தம் இணையதளங்களில் இச்சோதனையை அளிப்பதால், ஏற்கப்பட வாய்ப்புள்ள அட்டைக்கு மட்டும் விண்ணப்பிக்க முடியும். திவால்நிலையில் எந்த வங்கியின் கடன் தள்ளுபடியானதோ, அந்த வங்கி தன் சொந்தப் பதிவேட்டில் அதை 10 ஆண்டுகளுக்கு மேலும் வைத்திருக்கக்கூடும். எனவே பழைய வழக்கில் தொடர்பில்லாத வங்கியிடம் விண்ணப்பிப்பது வீண் விசாரணையைத் தவிர்க்கும்.

அஞ்சலில் வரும் அழைப்புகள்

விடுவிப்பு கிடைத்த சில வாரங்களிலேயே கடன் அட்டை அழைப்புகள் அஞ்சலில் குவிவதைக் கண்டு பலர் வியப்படைகின்றனர். இதற்குக் காரணம் உண்டு. 7ஆம் அத்தியாயத்தில் ஒருமுறை விடுவிப்பு பெற்றவர், அடுத்த 8 ஆண்டுகளுக்குள் மனு செய்து அதே அத்தியாயத்தில் மீண்டும் விடுவிப்பு பெற முடியாது. அவருடைய பழைய கடன்களும் நீங்கிவிட்டன. ஆகவே புதிதாகக் கடன் கொடுப்பவருக்குப் போட்டியாகப் பிற கடன்காரர்கள் இல்லை. கடனாளிக்கு மறுபடியும் அதே புகலிடமும் இல்லை. அழைப்பு வந்தது என்பது கடன் தகுதி மீண்டுவிட்டதற்கு அடையாளம் ஆகாது.

சில அழைப்புகள் தள்ளுபடியான பழைய கடனின் ஒரு பகுதியைப் புதிய அட்டைக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்பதுண்டு. விடுவிக்கப்பட்ட கடனை வசூலிக்க முயல்வதை நீதிமன்ற ஆணை தடை செய்கிறது. அதைக் கடனாளியே புதிய கணக்கில் ஏற்றுக்கொண்டால், நீங்கிய சுமை திரும்ப வந்துவிடும். இத்தகைய அழைப்புகள் வேண்டாம் என்பவர், முன்தெரிவுப் பட்டியல்களிலிருந்து தம் பெயரை 5 ஆண்டுகளுக்கோ நிலையாகவோ நீக்கக் கோரும் உரிமையைச் சட்டம் வழங்குகிறது.

அட்டை வகைகள்

வைப்புப் பிணைய அட்டை: வங்கியிடம் ஒரு வைப்புத்தொகையைக் கட்டி, பெரும்பாலும் அதே அளவு கடன் வரம்பைப் பெறும் அட்டை இது. குறைந்தபட்ச வைப்பு பெரும்பாலும் 200 டாலர். கடனை அடைக்காவிட்டால் வங்கி அந்த வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கணக்கை ஒழுங்காக முடித்தால் முழுவதும் திருப்பித் தரும். வைப்பு இருப்பதால் மாதத் தவணை தானாகக் கழிந்துவிடும் என்று எண்ணுவது பொதுவான தவறு. தவணை தனியாகச் செலுத்தப்பட வேண்டும். தவறினால் வழக்கமான அட்டையைப் போலவே தாமதம் பதிவாகும்.

இவ்வகையில் வெகுமதி தரும் அட்டைகள் குறைவு, ஆனால் உள்ளன. 2020களின் முற்பகுதியில் டிஸ்கவர் நிறுவனத்தின் பிணைய அட்டை, எரிபொருள் நிலையங்களிலும் உணவகங்களிலும் காலாண்டுக்கு 1,000 டாலர் வரையான செலவுக்கு 2%, மற்றவற்றுக்கு 1% பணத்தைத் திருப்பித் தந்தது. கேப்பிட்டல் ஒன் நிறுவனத்தின் குவிக்சில்வர் பிணைய அட்டை எல்லாச் செலவுகளுக்கும் 1.5% தந்தது. இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லை. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள ஒப்பந்தமே கணக்கு.

பிணையற்ற மீட்பு அட்டை: வைப்பு கேட்காமல், குறைந்த மதிப்பெண் உள்ளவர்களுக்கு வழங்கப்படுவது. கையில் 200 டாலர் இல்லாதவரை இது ஈர்க்கும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு ஆண்டுக் கட்டணமும் மாதக் கட்டணமும் உண்டு. வைப்பைப் போல அவை திரும்பி வருவதில்லை.

கடை அட்டை: ஒரு கடையிலோ அதன் குழுமத்திலோ மட்டும் செல்லும் அட்டை. எளிதில் கிடைக்கும், தள்ளுபடியும் தரும். வட்டி பெரும்பாலும் 30 சதவீதத்தை எட்டும் அல்லது தாண்டும்.

கடன் கூட்டுறவுச் சங்க அட்டை: உறுப்பினர்களுக்குச் சொந்தமான இச்சங்கங்களில் கூட்டாட்சி உரிமம் பெற்றவை 18 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்க இயலாது. வெகுமதி குறைவாக இருந்தாலும், சில மாதங்களில் முழு நிலுவையையும் அடைக்க முடியாமல் போகக்கூடியவருக்கு இது பாதுகாப்பானது.

வெகுமதியின் உண்மை மதிப்பு

மாதம் 300 டாலர் செலவிடும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுச் செலவு 3,600 டாலர். 1.5% திருப்பித் தரும், ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையில் அவருக்கு ஆண்டுக்கு 54 டாலர் கிடைக்கும். 1% திருப்பித் தந்து 75 டாலர் ஆண்டுக் கட்டணம் வாங்கும் அட்டையில் 36 டாலர் கிடைத்து, நிகரமாக 39 டாலர் கைவிட்டுப் போகும். அந்தக் கட்டணத்தை ஈடுகட்டவே ஆண்டுக்கு 7,500 டாலர் செலவிட வேண்டும்.

வட்டியைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. இவ்வகை அட்டைகளின் ஆண்டு வட்டி பெரும்பாலும் 25 சதவீதத்துக்கும் மேல். 28% வட்டியில் 300 டாலர் நிலுவை ஓராண்டு முழுதும் நீடித்தால், வட்டி மட்டும் ஏறத்தாழ 84 டாலர். முதல் எடுத்துக்காட்டில் ஈட்டிய 54 டாலரும் போய், மேலும் 30 டாலர் இழப்பு. ஒரே ஒரு தாமதக் கட்டணம் 30 முதல் 40 டாலர் வரை இருக்கலாம். அதுவே பல மாத வெகுமதிக்குச் சமம். மாத நிலுவையை முழுமையாக அடைப்பவருக்கு மட்டுமே வெகுமதி வருமானம்; மற்றவர்களுக்கு அது வட்டியில் ஒரு சிறு தள்ளுபடி.

வெகுமதிக்கான பணத்தின் ஒரு பகுதி, ஒவ்வொரு விற்பனையிலும் வணிகரிடமிருந்து அட்டை வங்கி பெறும் பரிமாற்றக் கட்டணத்திலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, நிலுவையை முழுதும் அடைக்காதவர்கள் கட்டும் வட்டியிலிருந்து வருகிறது. 2023இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, வெகுமதி அட்டைகளின் வழியாகக் குறைந்த கடன் மதிப்பெண் உள்ளவர்களிடமிருந்து உயர்ந்த மதிப்பெண் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் கைமாறுவதாக மதிப்பிட்டது. திவால்நிலையிலிருந்து மீள்பவர் இந்தக் கணக்கில் எளிதாகக் கொடுப்பவர் பக்கத்தில் போய்விடுவார்.

வெகுமதியின் வடிவமும் கவனிக்கத்தக்கது. பணமாகத் திரும்புவது எளிதில் புரியும். நிலுவையிலேயே கழித்துக்கொள்ளவும் முடியும். புள்ளிகளின் மதிப்பு பயன்படுத்தும் இடத்தைப் பொறுத்து மாறும். விமானப் பயண மைல்கள் அதிகம் பயணம் செய்யாதவருக்குத் தேங்கிக் கிடக்கும். குறைந்தபட்சம் 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்ற விதியும், கணக்கு மூடப்பட்டால் புள்ளிகள் அழியும் என்ற விதியும் சில ஒப்பந்தங்களில் உண்டு. மாதம் 60 டாலருக்குள் செலவிடும் ஒருவர் 1% வெகுமதியில் அந்த 25 டாலரைச் சேர்க்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சட்டப் பாதுகாப்புகள்

2009ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டம் இத்துறையில் முக்கியமானது. கணக்குத் தொடங்கிய முதல் ஆண்டில் வாங்கும் கட்டணங்கள், தொடக்கக் கடன் வரம்பில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாமதக் கட்டணம் போன்றவை இதில் சேரா. 300 டாலர் வரம்பு உள்ள அட்டைகள் சில சரியாக 75 டாலர் ஆண்டுக் கட்டணம் வாங்குவதன் காரணம் இந்த விதியில் தெரிகிறது. அக்கட்டணம் முதல் மாதமே அட்டையில் பற்று வைக்கப்பட்டால், எதையும் வாங்கும் முன்பே பயன்பாட்டு வீதம் 25% ஆகிவிடும். கணக்குத் தொடங்கும் முன் வாங்கப்படும் செயலாக்கக் கட்டணத்துக்கு இந்த வரம்பு பொருந்துவதில்லை. ஆகவே அதைத் தனியே பார்க்க வேண்டும்.

இதே சட்டப்படி, மாத அறிக்கை தவணை நாளுக்குக் குறைந்தது 21 நாட்கள் முன் அனுப்பப்பட வேண்டும். வட்டி உயர்வு போன்ற முக்கிய மாற்றங்களுக்கு 45 நாள் முன்னறிவிப்பு தேவை. குறைந்தபட்சத் தவணையை மட்டும் கட்டிவந்தால் நிலுவை தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதும் அறிக்கையில் அச்சிடப்பட வேண்டும்.

தெரிவில் கருத வேண்டியவை

அட்டைகளை ஒப்பிடும்போது பின்வரும் வரிசை பயனுள்ளது. வெகுமதி இதில் கடைசியில் வருவது தற்செயல் அன்று.

1. மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் மாதந்தோறும் கணக்கு தெரிவிக்கப்படுகிறதா? இல்லையெனில் அந்த அட்டையால் மீட்புக்குப் பயன் குறைவு.
2. ஆண்டுக் கட்டணம், மாதக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் ஆகியவற்றின் முதலாண்டுக் கூட்டுத்தொகை எவ்வளவு?
3. ஒழுங்காகச் செலுத்தினால் வைப்பைத் திருப்பித் தந்து, அதே கணக்கைப் பிணையற்ற அட்டையாக மாற்றும் வழி உண்டா?
4. ஒரு மாதம் முழுதும் அடைக்க முடியாமல் போனால் வட்டி எவ்வளவு?
5. வைப்பைக் கூட்டிக் கடன் வரம்பை உயர்த்த முடியுமா?
6. இவை அனைத்தும் ஏற்கத்தக்கவை என்றால், ஏற்கெனவே செய்துவரும் அன்றாடச் செலவுகளுக்கு வெகுமதி கிடைக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அதே கணக்கு மேம்படுத்தப்பட்டால் அதன் வயது தொடரும். மாற்ற வழியில்லாத அட்டையாக இருந்தால், வைப்பைத் திரும்பப் பெறக் கணக்கையே மூட நேரிடும். அதன் கடன் வரம்பும் இழக்கப்படும்.

பயன்படுத்தும் முறை

மீட்புக் காலத்தில் பரவலாகக் கையாளப்படும் முறை எளிமையானது. கைபேசிக் கட்டணம் போன்று மாதந்தோறும் மாறாத ஒரு சிறு செலவை அட்டையில் வைத்து, முழு நிலுவையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியுமாறு ஏற்பாடு செய்வது. வெகுமதிக்காகக் கூடுதலாக எதுவும் வாங்காதிருப்பது இம்முறையின் அடிப்படை. அட்டையிலிருந்து ரொக்கம் எடுப்பதற்கு வெகுமதி கிடையாது. எடுத்த நாள் முதலே வட்டி ஏறும்.

ஃபைக்கோ மதிப்பெண் கணக்கிடப்பட, குறைந்தது ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்கும், கடந்த ஆறு மாதங்களில் தெரிவிக்கப்பட்ட ஒரு கணக்கும் தேவை. பல வங்கிகள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையான காலத்தில் பிணைய அட்டையை மறுபரிசீலனை செய்கின்றன. கடன் கூட்டுறவுச் சங்கங்கள் தரும் சிறு கடன் கட்டமைப்புக் கடனும் இக்காலத்தில் கடன் வகைகளின் கலவைக்கு உதவும். ஓரிரு ஆண்டுகள் தாமதமின்றிக் கடந்த பிறகு, கூடுதல் வரம்பும் மேலான வெகுமதியும் தரும் பிணையற்ற அட்டைகள் எட்டும் தொலைவுக்கு வருகின்றன. திவால்நிலைப் பதிவு அப்போதும் அறிக்கையில் இருக்கும். ஆனால் அது பழையதாக ஆக, மதிப்பெண்ணில் அதன் தாக்கம் குறைந்துகொண்டே செல்லும். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மாதத்தின் ஒழுங்கான பதிவும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் சேர்ந்திருக்கும்.